இலவசமாய்க் கொடுத்த திருடன்

அத்தியாயம் 5

திருடியவன் விற்பான். விற்க முடியாவிட்டால் ஒளித்து வைப்பான். திருடிய சரக்கை ஊருக்கெல்லாம் ஓசியில் கொடுத்துக்கொண்டு திரிகிற திருடனை அந்தச் சனிக்கிழமை காலையில்தான் நான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

கேள்விப்பட்ட இடம் எங்கள் ஆபீஸ். ஜொகூர் பாருவில் ஒரு பல் கிளினிக்கிற்கு மேல்மாடி. 'ஏரம்பமூர்த்தி, தனியார் துப்பறிவாளர்' என்று வாசலில் பித்தளைப் பலகை இருக்கும். அதற்குக் கீழே 'பல் பிடுங்கக் கீழே செல்லவும்' என்று நான் எழுதி ஒட்டிய தாள் இருக்கும். பலகையைவிடத் தாளுக்குத்தான் பயன் அதிகம்.

ஏரம்பமூர்த்தி என் பாஸ். முப்பத்து நாலு வருடம் சுங்கத்துறையில் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை, அதனால் இந்தத் தொழில். நான் கஸ்தூரி. செனாய் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடம் சர்க்கியூட் போர்டுகளில் குறை கண்டுபிடிக்கும் வேலை பார்த்தேன். இப்போது பாஸிடம் குறை கண்டுபிடிக்கிறேன். வேலை ஒன்றுதான், சம்பளம்தான் குறைவு.

எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் பெயர் லோஷினி. முப்பது வயதுக்குள் இருக்கும். அழுது முடித்துவிட்டு வந்த முகம். பையிலிருந்து மூன்று ஃபோட்டோஸ்டாட் புத்தகங்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூன்றும் ஒன்றுபோல மடித்து நடுவில் ஸ்டேப்ளர் அடித்தவை.

"இது நான் எழுதின புத்தகம் சார். இன்னும் வெளியவே வரல. அதுக்குள்ள எங்க மாசாய்ல ஆளாளுக்கு கையில வெச்சிருக்காங்க."

"என்ன விலைக்கு விக்கினம்?" என்று பாஸ் கேட்டார். அவர் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகிறது. உற்சாகம் வந்தால் மட்டும் அந்தத் தமிழ் எட்டிப் பார்க்கும்.

"விக்கல சார். சும்மா குடுக்கிறாங்க."

பாஸின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. ஒரு வழக்கு அவருக்குப் பிடித்துப்போனால் முதலில் இறங்குவது கண்ணாடி, அடுத்து என் மதியச் சாப்பாட்டு நேரம்.

"என்ன புத்தகம் பிள்ளை இது?"

லோஷினி சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறிக்கொள்வார்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்லிப் பகடை உருட்ட, விழுந்த எண்ணைப் பொறுத்துக் கதை திரும்பும். பலகை கிடையாது, காய் கிடையாது. எந்த எண் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லும் விதிப் புத்தகம் ஒன்றுதான் மூலதனம். இங்கிலீஷில் இது நூற்றுக்கணக்கில் இருக்கிறதாம். தமிழில் இவளே எழுதியிருக்கிறாள். பெயர் 'பாலம் தாண்டும் பூதங்கள்'.

"பூதம் எதுக்கு பாலம் தாண்டுது?" என்று கேட்டேன்.

"வேலைக்குக்கா. ஜொகூர்ல குடியிருக்கிற பூதங்க. தினமும் சிங்கப்பூர் போய் வேலை செஞ்சிட்டு திரும்பி வரணும்."

"அலமாக்! பூதமும் விடியக்காலையில எந்திரிச்சு கியூ நிக்குதா?"

"மொத பகடையே அதுக்குத்தான்க்கா. ஒண்ணு விழுந்தா பஸ் போயிடும்."

எனக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துப்போனது. பாஸ் தொண்டையைச் செருமினார்.

"உண்மையான புத்தகத்துக்கு என்ன விலை?"

லோஷினி தலையைக் குனிந்துகொண்டாள். "எண்பத்தொம்பது வெள்ளி" என்று மேசை விளிம்பைப் பார்த்துச் சொன்னாள். அவளே எதையோ திருடி மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது அந்தக் குரல்.

பிறகு விஷயம் முழுதும் வந்தது. சிங்கப்பூரில் மூன்று வருடம் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் செனாய் அச்சகம் ஒன்றில் ஐந்நூறு பிரதி அடித்திருக்கிறாள். நூற்றறுபது பக்கம், வண்ணப்படம், கெட்டி அட்டை. அச்சுச் செலவே ஒன்றுக்கு நாற்பத்தொரு வெள்ளி, அதாவது ரிங்கிட். முந்நூறு பிரதியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னவர் ஹேமநாதன். ஜொகூர் பாருவில் புத்தகக் கடை வைத்திருப்பவர், வேறு ஊர்களில் மூன்று கிளைகளும் உண்டு. நேற்று இந்த ஓசிப் பிரதி அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"விலைய முப்பத்தொம்பதா இறக்கு, இல்லன்னா எனக்கு வேணாம்ங்கிறாரு. பின்னட்டையில விலை ஸ்டிக்கர் இன்னும் ஒட்டல. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அச்சகத்துக்கு நம்பர் சொல்லணும். முப்பத்தொம்பதுன்னா ஒவ்வொரு புத்தகத்துக்கும் நான் கைக்காசு போட்டு குடுக்கணும் சார். எண்பத்தொம்பதுன்னா அத்தனையும் வீட்டு ஹால்லயே கெடக்கும். ரெண்டாவது புத்தகம்னு ஒண்ணு எழுதவே முடியாது."

"யார் குடுக்கிறாங்கன்னு தெரிஞ்சா?" என்று கேட்டேன்.

"நிப்பாட்டிடலாம். அதுக்கப்புறமாவது அவர் கேப்பாரான்னு பாக்கலாம்."

பாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று.

நான் மூன்று பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். ஆறு வருடப் பழக்கம், கை தானாகவே அதைச் செய்யும். முதல் பக்கத்தின் நாலு மூலையிலும் பெருவிரல் அளவுக்குக் கறுப்புக் கறை. நடுவில் இன்னொன்று. மூன்று பிரதியிலும் அதே இடம், அதே வடிவம்.

"பாஸ், மிஷின்ல கோளாறுன்னா எல்லாப் பக்கத்துலயும் கறை விழும். மொத பக்கத்துல மட்டும் விழுந்திருக்கு. மிஷின்ல வெச்ச புத்தகத்துலயே அந்தக் கறை இருந்திருக்கு."

"கெட்டிக்காரி. கடைசிப் பக்கத்தைப் பார்."

அறுபத்து நாலு. அதோடு நின்றிருந்தது. பூதங்கள் முதல் சாகசத்தில் ஒரு பழைய கிடங்குக்குப் போய்ப் பூட்டை உடைக்கின்றன. 'கதவு திறந்தது. உள்ளே நின்றுகொண்டிருந்தது' என்று ஒரு வரி. அதற்குப் பிறகு ஸ்டேப்ளர்தான்.

"எத்தனை மாதிரிப் பிரதி வெளியில போனது பிள்ளை?"

"ரெண்டுதான் சார். ஒண்ணு ஹேமநாதன் சார்கிட்ட. இன்னொண்ணு எங்க வீட்டுல இருக்கு. நான் கம்ப்யூட்டர்லதான் திருத்தினேன், அதனால அத தொட்டதே இல்ல. வெளியீடு வரைக்கும் தொடக்கூடாதுன்னு அம்மா பட்டுத்துணியில சுத்தி சாமி மேடையில வெச்சிட்டாங்க."

"இந்த மூன்றும் எங்க கிடைச்சது?"

"ஒண்ணு மாசாய் முடிவெட்டுற கடையில. ஒண்ணு ஃபேக்டரி பஸ் சீட்டுல. இன்னொண்ணு எங்க ஃபிளாட்டு செக்யூரிட்டி கார்ட் வெச்சிருந்தாரு. கேட்டா, 'யாரோ குடுத்தாங்க, நல்லாருக்கு, நீயும் படி'ன்னு எனக்கே குடுக்கிறாரு!"

ஹேமநாதன்தான் திருடன் என்று நான் அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். விலையை இறக்க வேண்டும், அதற்கு ஒரு சாக்கு வேண்டும், சாக்கைத் தானே ஃபோட்டோஸ்டாட் எடுத்துக்கொண்டார். இதற்கு எதற்குத் துப்பறிவாளர்? பாஸிடம் சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒப்புக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

*

ஹேமநாதன் கடை நடந்துபோகும் தூரம்தான். வாசலில் ராசிபலன் புத்தகங்கள், உள்ளே பள்ளிப் பயிற்சி நூல்கள், கல்லாவில் அவர். நல்ல பருமன், நல்ல சிரிப்பு. எங்களைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"லோஷினி அனுப்பிச்சாளா? சார், நல்ல பொண்ணு. ஆனா தமிழ்ப் புத்தகத்துக்கு எண்பத்தொம்பதா? சாமி புத்தகம் அஞ்சு வெள்ளிக்கே பேரம் பேசுறாங்க. சமையல் புத்தகம் பதினஞ்சு போட்டா, நின்னுகிட்டே ரசத்த படம் எடுத்துட்டு போயிடுறாங்க. இப்ப அதே புத்தகம் ஓசியில வேற கெடைக்குது. நான் என்னா பண்ண?"

"ஓசியில குடுத்ததே நீங்கதானே?" என்று கேட்டுவிட்டேன்.

ஆழம் தெரியாமல் காலை விடுவதில் எனக்கு இணை நானேதான். அவர் முகம் சிவந்தது. பாஸ் அமைதியாகக் கல்லாவின்மேல் கையை ஊன்றினார்.

"இவள் இன்னும் சாப்பிடேல்ல, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்கட மாதிரிப் பிரதியைக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

அவர் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். பாஸ் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். பளிச்சென்று இருந்தது, ஒரு புள்ளிகூட இல்லை.

"ஒரு புத்தகத்துக்கு உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?"

"விலையில நூத்துக்கு முப்பது."

"அப்ப விலை இறங்கினால் உங்களுக்கும் நட்டம்."

"அதத்தானே சார் நானும் சொல்றேன்! எண்பத்தொம்பதுக்கு விக்கும்னு யாராவது எங்கிட்ட நிரூபிச்சா, நான் ஏன் இறக்கச் சொல்றேன்? எனக்கு பயம் சார். பயம்தான்."

வெளியே வந்தோம். பாஸ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பேசாமல் ஒரு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார், அதுதான் சுருக்கென்றது.

*

பாஸின் குட்டிக் 'கஞ்சில்' காருக்கு இருபத்திரண்டு வயது. மாசாய் நெடுஞ்சாலையில் அதை லாரிகள் மட்டுமல்ல, லாரிக்குப் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்களும் முந்திக்கொண்டு போயின. லோஷினி பின் சீட்டில் ஃபோனில் மணி பார்த்துக்கொண்டே வந்தாள்.

"கஸ்தூரி, சிவப்பை ஃபோட்டோஸ்டாட் எடுத்தால் என்ன நிறத்தில வரும்?"

"கறுப்பு பாஸ்."

"ஒரு புதுப் புத்தகத்தில நாலு மூலையிலும் நடுவிலும் சிவப்பு வைக்கிறது ஆர்?"

எனக்கு ஒரு நொடி ஆனது. பிறகு என் நெற்றியில் நானே அடித்துக்கொண்டேன். புதுக் கணக்குப் புத்தகமோ பள்ளிப் புத்தகமோ வீட்டுக்கு வந்தால் என் அம்மா என்ன செய்வார்? மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, அதன்மேல் குங்குமம் வைப்பார்.

"குங்குமம்!"

"ஓம். எந்தத் திருடன் பொட்டு வைத்துவிட்டுத் திருடுவான்?"

பின் சீட்டில் லோஷினி ஃபோனைக் கீழே வைத்துவிட்டாள். "எங்கம்மாவா சார்?" என்றாள்.

"உன்ர அம்மா பொட்டு வைச்சிருப்பா. ஃபோட்டோஸ்டாட் எடுத்தது ஆர் எண்டது வேற கேள்வி" என்றார் பாஸ்.

*

லோஷினியின் அம்மா கிருஷ்ணம்மா எங்களை நாற்காலியில் உட்கார வைத்து, ரோஸ் சிரப் கலந்து கொடுத்து, விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்ட பிறகுதான் என்ன விஷயம் என்றே கேட்டார். பாஸ் சாமி மேடையைக் காட்டினார்.

பட்டுத்துணியைப் பிரித்தபோது புத்தகம் பளபளத்தது. அட்டையில் ஒரு தொப்பைப் பூதம் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது, கையில் டிபன் கேரியர். முதல் பக்கத்தின் நாலு மூலையிலும் நடுவிலும் மஞ்சள், அதன்மேல் குங்குமம்.

"ஆன்ட்டி, இத யாருக்காவது குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"யாருக்கு குடுப்பேன்மா? புள்ள மூணு வருசம் பட்ட பாடு. வீட்டு வாசப்படிய தாண்டல." அவர் கொஞ்சம் யோசித்தார். "கோயிலுக்குத்தான் போச்சு."

பாஸ் கண்ணாடியைத் தொட்டார். "எப்ப?"

"போன மாசம். பின்னால இருக்கிற பிள்ளையார் கோயில்ல மூணு நாளு சாமி காலடியில வெக்கச் சொல்லி குடுத்தேன். சதாசிவம் ஐயாதான் வாங்கி வெச்சாரு, பொருளாளரு. தங்கமான மனுசன். மூணாம் நாளு பத்திரமா திருப்பிக் குடுத்துட்டாரு."

"அம்மா!" என்று லோஷினி கத்தினாள். "எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொன்னா நீ 'அதெல்லாம் எதுக்கு'ன்னு கேப்பே. உனக்கு தெரியாம நான் சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லிக்கக்கூடாதா?"

மூன்றரை மணி ஆகியிருந்தது. நாலு பேருமாகக் கோயிலுக்கு நடந்தோம்.

*

தொழிலாளர் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கோயில் அது. சனிக்கிழமை அன்னதானம் முடிந்து மண்டபத்தைக் கழுவியிருந்தார்கள். சதாசிவம் ஐயா அலுவலக அறையில் இருந்தார். எழுபது வயது, நெற்றி நிறைய விபூதி. பாஸ் ஓசிப் பிரதியை எடுத்து நீட்டினார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். திருடன் ஓடினால் பிடிக்க வேண்டும் அல்லவா?

ஓடவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"அட, உங்க கைக்கும் வந்திருச்சா? ரொம்ப சந்தோசம். நூத்தியெட்டும் குடுத்து முடிச்சாச்சு. ஒண்ணுகூட மிச்சம் இல்ல!"

"நூத்தியெட்டா?" என்றோம் நாலு பேரும்.

"வேற எத்தன அடிப்பாங்க? வேண்டுதல் புத்தகம்னா நூத்தியெட்டுதானே கணக்கு." அவர் கிருஷ்ணம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். "உங்களுக்குத்தான்மா புண்ணியம்."

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இந்த வழக்கம் தெரியும். ஒரு காரியம் கைகூட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் ஏதாவது ஒரு துதிப் புத்தகத்தை நூற்றெட்டுப் பிரதி எடுத்துக் கோயிலில் இலவசமாகக் கொடுப்பார்கள். சொந்தமாக அடித்துக்கொண்டு வர முடியாதவர்கள் ஒரு பிரதியையும் பணத்தையும் கோயிலில் கொடுத்துவிட்டால் மிச்சத்தைப் பொருளாளர் பார்த்துக்கொள்வார். எங்கள் வீட்டிலேயே அப்படி வந்த புத்தகங்கள் ஒரு டிராயர் நிறைய உண்டு.

"நான் எங்கய்யா பணம் குடுத்தேன்?" என்று கிருஷ்ணம்மா கேட்டார்.

"கவர்ல நூத்தியோரு வெள்ளி?"

"அது உண்டியல்ல போடச் சொன்ன காணிக்கைய்யா!"

சதாசிவம் ஐயாவுக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. "புத்தகம் வந்துச்சு, குங்குமம் வெச்சிருந்துச்சு, கூடவே கவரு. இருவது வருசமா எல்லாரும் அப்படித்தானேமா குடுக்கிறாங்க? அட்டையில வேற பூதகணம். பிள்ளையாரோட படைதானே அது?"

"உள்ள படிச்சுப் பாக்கலையா தாத்தா?" என்று கேட்டேன்.

"ஏன் படிக்காம? ரெண்டு பக்கம் படிச்சேனே. பூதம் விடியக்காலையில எந்திரிச்சு குளிச்சு வேலைக்கு போகுது. குளிக்காத பூதத்துக்கு ரெண்டு புள்ளி கொறையும்னு போட்டிருக்கு. நல்ல ஒழுக்கமான பூதம். பிள்ளைங்க படிக்கட்டும்னு நெனச்சேன்."

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை கேட்டிருக்கிறேன். உடைத்தவரே இவ்வளவு பக்தியோடு எதிரில் நிற்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

"அறுபத்து நாலாம் பக்கத்தோடு ஏன் ஐயா நிப்பாட்டினீங்கள்?" என்று பாஸ் மரியாதையாகக் கேட்டார்.

"ஃபோட்டோஸ்டாட் கடையில கோயிலுக்குன்னு ரெண்டு பக்கம் மூணு காசுக்கு எடுத்துக் குடுத்தான். நூத்தியோரு வெள்ளிக்கு அவ்வளவுதான் வந்துச்சு. அதுலயும் ரெண்டே முக்கா வெள்ளி என் கைக்காசு."

லோஷினி அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். யார்மேல் கோபப்படுவது? அம்மாவைத் திட்ட முடியாது. கும்பிட்ட கையோடு நிற்கும் பெரியவரைத் திட்ட முடியாது. பிள்ளையாரைத் திட்டினால் அம்மா விடமாட்டார். திருடனே இல்லாத திருட்டு. ஆனால் நூற்றெட்டுப் பிரதி ஊருக்குள் இருந்தது, மணி நாலு இருபது.

"முப்பத்தொம்பதுன்னே சொல்லிடறேன் சார்" என்றாள். கண்ணில் நீர் முட்டியது. கிருஷ்ணம்மா மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, "நான்தான்டி கெடுத்துட்டேன்" என்று அழ ஆரம்பித்தார்.

அப்போதுதான் மண்டபத்திலிருந்து ஒரு கூச்சல் கேட்டது.

"கதவ தொறக்காத லா! போன வாரமே சொன்னேன்!"

பாஸ் தலையைத் திருப்பினார். "அது என்ன சத்தம்?"

"சனிக்கிழமைன்னா சாப்பிட்டுட்டு உக்காந்திருவாங்க. ஏதோ புத்தகம் படிக்கிறாங்கன்னு நானும் விட்டுட்டேன்" என்றார் சதாசிவம் ஐயா.

மண்டபத்தின் கோடியில் இரண்டு மடக்கு மேசைகளைச் சேர்த்துப்போட்டு எட்டுப் பேர். ஃபேக்டரிச் சீருடையில் நாலு பேர், கிளினிக் நர்ஸ் ஒருத்தி, இரண்டு இல்லத்தரசிகள், தலைப்பக்கத்தில் செக்யூரிட்டி கார்ட் ஒருவர். மேசைமேல் கற்பூர டப்பாக்கள் பூதங்களாக நின்றன. நடுவில் பிளாஸ்டிக் உறை போட்ட ஓசிப் பிரதி. ஓரமெல்லாம் கிழிந்து, பேனாவால் கோடு போட்டு, தொட்டுத் தொட்டுத் தாள் கறுத்திருந்தது.

"ரூபேந்திரன் அண்ணே!" என்றாள் லோஷினி. அவர்தான் அவள் ஃபிளாட்டு கார்ட்.

"வாம்மா, நீயும் படிச்சிட்டியா? சொல்லு, அந்தக் கதவுக்குப் பின்னால என்னா இருக்கும்? நாலு வாரமா சண்ட. இவன் மொதலைங்கிறான். சிஸ்டர் இமிகிரேஷன் ஆபீசருங்கிறாங்க."

"நான்தான்ணே எழுதினேன் அத."

எட்டு வாயும் ஒரேயடியாக மூடியது. பிறகு ஒரேயடியாகத் திறந்தது. மீதிப் பக்கம் எங்கே, இரும்புப் பூதத்துக்கு நீச்சல் தெரியுமா, லஞ்சம் கொடுத்தால் பகடை உருட்டத் தேவையில்லையா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். லோஷினி யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"முழுப் புத்தகம் இருக்குங்கிறியே, எவ்வளவு?" என்றார் ரூபேந்திரன்.

லோஷினி அந்தக் கிழிந்த பிரதியைப் பார்த்தாள். ஃபோனைப் பார்த்தாள். அவள் உதடு 'மு' என்று குவிந்ததை நான் பார்த்தேன். ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பாஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எண்பத்தொம்பது வெள்ளி" என்றாள் லோஷினி.

ஒருவர் மெல்ல விசிலடித்தார். கிருஷ்ணம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"எத்தன பேரு இருக்கோம்?" என்று நர்ஸ் கேட்டாள்.

"எட்டு."

"கொங்சி போடுங்க, சேர்ந்து வாங்கலாம். ஆளுக்குப் பதினொண்ணு. அதுக்கு ஒரு சினிமாகூட பாக்க முடியாது."

"எட்டுப் பதினொண்ணு எண்பத்தெட்டு. ஒரு வெள்ளி இடிக்குதே" என்றார் ரூபேந்திரன்.

"அத நான் போடுறேன்" என்று பின்னாலிருந்து சதாசிவம் ஐயா ஒரு வெள்ளி நோட்டை நீட்டினார். "பாவத்துக்குப் பரிகாரம்."

பாஸ் லோஷினி பக்கம் குனிந்தார்.

"ஹேமநாதன் இதை ஒரு ஆள் வாங்கிப் படிக்கிற புத்தகம் எண்டு நினைச்சிட்டார். நீயும் அப்பிடித்தான் நினைச்சாய். இது ஒரு மேசை வாங்கிற புத்தகம் பிள்ளை. விலையை மேசைக்குச் சொல்ல வேணும், ஆளுக்கு இல்லை."

"இந்த மாதிரி மேசை வேற எங்கண்ணே இருக்கு?" என்று நான் ரூபேந்திரனைக் கேட்டேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார். பி பிளாக்கில் இரண்டு. ஃபேக்டரி ஹாஸ்டலில் மூன்று. முடிவெட்டும் கடையில் ஞாயிற்றுக்கிழமை ஒன்று. பாசிர் கூடாங்கில் அவர் மச்சான் நடத்துவது ஒன்று. விரல் தீர்ந்ததும் நர்ஸின் விரலைக் கடன் வாங்கிக்கொண்டார். பதினாறு மேசைவரை வந்தது. எல்லாரும் அறுபத்து நாலாம் பக்கத்தில் அதே கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஃபோன் அடித்தது. ஹேமநாதன். மணி நாலு ஐம்பது. லோஷினி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னாம்மா முடிவு பண்ணே? அச்சகத்துல கேக்கிறாங்க."

"எண்பத்தொம்பது சார். ஒரு காசு கொறையாது." தலை குனியவில்லை. குரல் மண்டபத்தில் எதிரொலித்தது.

"லோஷினி, நான் சொல்றத கேளு. ஓசியில கெடைக்கிறத எவன்..."

"சார்!" என்று ரூபேந்திரன் ஃபோனை நோக்கிக் குனிந்தார். "புத்தகம் வர்ற அன்னிக்கு உங்க கடைய எத்தன மணிக்குத் தொறப்பீங்க? எங்க மேசைக்கு ஒண்ணு. பி பிளாக்குக்கு ரெண்டு எடுத்து வைங்க. ஹாஸ்டலுக்கு மூணு."

"முடிவெட்டுற கடைய மறந்துடாதீங்க!" என்று நர்ஸ் கத்தினாள். அதற்குப் பிறகு எட்டுப் பேரும் சேர்ந்து கத்தியதில் யார் என்ன கேட்டார்கள் என்றே தெரியவில்லை.

"முந்நூறு போதுமாம்மா?" என்றார் ஹேமநாதன் கடைசியில்.

கிருஷ்ணம்மா அந்த இடத்திலேயே தரையில் விழுந்து பிள்ளையாரைக் கும்பிட்டார். சதாசிவம் ஐயா மணியை அடித்தார். நான் பாஸைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தூசி என்றார். நான் நம்பினேன் என்று சொன்னேன்.

லோஷினி அச்சகத்துக்கு எண்ணைச் சொல்லிவிட்டு ஃபோனைப் பைக்குள் போட்டபோது ரூபேந்திரன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மத்தவங்களுக்கு வேணாம்மா. எனக்கு மட்டும் சொல்லு. கதவுக்குப் பின்னால யாரு?"

லோஷினி உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"எண்பத்தொம்பது வெள்ளிண்ணே!"